கொழுந்துத் தொட்டியில் காய்ந்த மதர்போர்டு

போன சனிக்கிழமை, ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற தொட்டியில் கம்ப்யூட்டர் மதர்போர்டைக் காயப்போட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டேன்!

சிரிக்காதீர்கள். (சரி, சிரித்துவிட்டே வாருங்கள்.)

என் பள்ளிக்கூடத்து நண்பன் சேகர் இந்த வெள்ளிக்கிழமை நியூசிலாந்துக்கு வேலைக்குப் போகிறான். இரண்டு வருஷம் வர முடியாது. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து எங்கள் கேமரன் மலைக்கு ஏறி வந்து, மூன்று மணி பஸ்ஸில் இறங்கிவிடுவதாகச் சொன்னான்.

என் முகத்தைப் பார்க்கவா வருகிறான்? 'மலை லோரி' ஏழாம் பாகம் விளையாட!

அந்த லோரி ரேஸ் கேமை முதல் பாகத்திலிருந்து நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடியிருக்கிறோம். ஸ்கிரீனில் மேல் பாதி அவன், கீழ் பாதி நான். அவன் கிளம்புவதற்குள் ஒரு ரேஸ் சேர்ந்து ஓட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நான் பிசி கட்சி. சாதாரணக் கட்சி இல்லை, வெறிபிடித்த கட்சி. எதிர் லயத்து வீட்டில் கன்சோல் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி மோகனை மூன்று வருஷமாகக் குடும்பக் குரூப்பில் வறுத்தெடுத்தவன்.

"மச்சான், அது கேம் பொட்டி இல்ல, பால் புட்டி லா!"

பிசிக்குக் கூலர்கூட வாங்காதவன் நான். "கேமரன்ல இருந்துகிட்டு எவனாச்சும் கூலர் வாங்குவானா? ஜன்னல தொறந்து வச்சா போதாது?"

போன வெள்ளிக்கிழமை கேம் முழுக்க பிசியில் இறங்கியது. பிசியை அணைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஆறட்டுமே!

திரும்பி வந்தால் வீட்டுக்குள் பனிமூட்டம். மானிட்டர் வியர்த்திருந்தது. பட்டனை அழுத்தினேன். 'டிக்'. அதோடு சரி.

"மூணு நாளா துணியே காயல. இதுல பொட்டிய வேற தொறந்து போட்டுட்டு போயிருக்கீங்க. மூள இருக்காங்க உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஈரம்தான? ஈரத்த எடுக்கறதுதான் என் பொழப்பே!"

பதினொரு வருஷமாகக் கொழுந்து வாட்டுகிற பகுதியில் வேலை. கீழிருந்து சூடான காற்று வரும், மேலே இலை வாடும். இலைக்கு ஆகும், போர்டுக்கு ஆகாதா? சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோய், கொழுந்துக்கு நடுவே அலுங்காமல் படுக்க வைத்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னால் கணக்கெழுதுகிற ஃபேக்டரி கிராணி.

"என்னப்பா இது?"

"மதர்போர்டு, ஐயா."

குனிந்து பார்த்தார். "எந்த மலையில பறிச்ச?"

போர்டில் ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிவிட்டேன்.

"எடுத்துகிட்டு ஓடு. துரை பாத்தாருன்னா அடுத்து உன்னத்தான் இதுல போடுவாரு."

வீட்டில் கொண்டுபோய்ப் பார்த்தால், போர்டில் இருக்கிற அத்தனை ஓட்டையிலும் தேயிலைத் தூசி. மாட்டினேன். இப்போது 'டிக்'கும் போச்சு! மனைவி முகர்ந்து பார்த்து, நல்ல வாசனை என்றாள்.

ஞாயிறு மதியம் சேகரிடமிருந்து மெசேஜ்: 'பஸ் ஏறிட்டேன் டா.'

வேறு வழியில்லை, எதிர் லயத்துக்குப் போனேன்.

"வாங்க மாமா. என்ன, பால் புட்டி வேணுமா?" என்றான் மோகன்.

"ஒரு நாளைக்கு மட்டும் குடு மச்சான்."

"இங்கயே உக்காந்து வெளயாடுங்க. ஆனா அதுக்கு முன்ன குரூப்ல ஒரு வாய்ஸ் போடணும். கன்சோல்தான் பெஸ்ட், நான் வெறும் வாய்ச்சவடால்னு."

போட்டேன். நடுவில் இருமல் மாதிரி ஒன்றைச் சேர்த்து மழுப்பினேன். மறுபடி சொல்ல வைத்தான், பாவி!

சேகர் வந்தான். கம்பளிச் சட்டையெல்லாம் புதிதாக வாங்கிப் போட்டிருந்தான். உட்கார்ந்தோம்.

ஏழாம் பாகம் திறந்தது. முதலில் எட்டுப் பக்கம் விதிமுறை. பிறகு டிரைவருக்குத் தொப்பிக் கடை. பிறகு ஹாரன் தனியாக வாங்கணுமாம்! லோரி கேமில்! மலை ரோட்டில்! (எங்கள் மலைக்கு ஏறுகிற தாப்பா ரோட்டில் ஹாரன் இல்லாமல் ஒரு வளைவு தாண்டிக் காட்டட்டும், பார்க்கலாம்.)

ஒருவழியாக லோரி வந்தது. இரண்டு பேர் ஆடுகிற மெனுவைத் தேடினேன். தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன்.

மோகன் தலையைச் சொறிந்தான். "அத இந்த பார்ட்ல தூக்கிட்டானுங்க மாமா. இப்பல்லாம் ஆளுக்கொரு பொட்டி, ஆளுக்கொரு டிவி."

"பிசியில?"

"அதுலயும் அப்படித்தான்."

பிசியா கன்சோலா என்று மூன்று வருஷம் கத்தியிருக்கிறேன். கேமே கெட்டுப்போனது எனக்குத் தெரியவில்லை. சேகரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. (நாற்பது வயது. லோரி கேம். தெரியும், தெரியும்.)

சேகர் என் கையிலிருந்த கன்ட்ரோலரின் வலது பக்கத்தைப் பிடித்தான்.

"ஸ்டியரிங் உனக்கு. எண்ணெய அமுக்கி வேகம் ஏத்தறதும் பிரேக்கும் எனக்கு. ஓட்டு டா!"

ஒரு கன்ட்ரோலர், இரண்டு தடியன்கள். முதல் வளைவிலேயே லோரி பள்ளத்தில்.

"பிரேக் போடுடா!"

"நீ ஏன்டா திருப்புன?"

"நீ ஏன்டா அமுக்குன?"

அதே பள்ளத்தில் மூன்று தடவை விழுந்தோம். மோகன் தரையில் உருண்டு சிரித்தான். மொத்தம் பன்னிரண்டு லோரி, நாங்கள் பன்னிரண்டாவது! பதினோராவது ஆள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டிருப்பான்.

இந்த ரேஸைப் பதிவு செய்யவா என்று ஸ்கிரீன் கேட்டது.

"வேணாம் டா, எவனாச்சும் பாத்தா மானம் போயிரும்," என்று சொல்லிக்கொண்டே சேகர் பையைத் தேடப் போனான். நான் 'ஆம்' அமுக்கிவிட்டேன். சாயங்காலம் தானா ராத்தா டவுனில் பஸ் ஏறும்போது என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். நானும் ஒன்று வைத்தேன்.

இப்போது ஒரே ஒரு பிரச்சினை.

பதிவு மோகன் வீட்டுக் கன்சோலில் இருக்கிறது.

திங்கட்கிழமை சீனி கேட்டுப் போனேன். நேற்று ஏணி கேட்டுப் போனேன். இன்று கதவைத் தட்டியதும், "சீனியா, ஏணியா, இல்ல நேரா அந்த ரேஸையே போட்டுறவா மாமா?" என்றான்.

"ஊசி நூல் இருக்கா?" என்று கேட்டேன்.

நாளைக்கு என்ன கேட்டுப் போவது? யாராவது சொல்லுங்களேன்!