ரகுநாதன் சார் சொன்ன பொய்

ரகுநாதன் சாருக்கு ஐம்பத்தேழு வயது. சொந்த ஊர் கோத்தகிரி. துபாயில் ஜெபல் அலி பக்கம், ஆஸ்திரேலியப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக வரலாற்று ஆசிரியர். ஆஸ்திரேலியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அங்குள்ள பூர்வகுடிகள் நிலம் இழந்த கதையை அவர் சொன்னால் ஏழாம் வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும்.

சென்ற பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மூன்றாம் பீரியட். நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று வெள்ளைக்காரன் புளுகியதை மேசையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷ்ருதி கை தூக்கினாள்.

"சார், ஊர்ல உங்களுக்கு டீ எஸ்டேட் இருக்குன்னு சொல்வீங்களே, அதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தா?"

"யாருமில்லம்மா. வெறும் காடு, புறம்போக்கு. எங்கப்பா பட்டா வாங்கினார்."

"வெள்ளைக்காரனும் அதத்தானே சார் சொன்னான்?" என்றான் பின்வரிசை ஸ்ரீகாந்த். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மணி அடித்துக் காப்பாற்றியது.

சாயங்காலம் ஊரிலிருக்கும் அண்ணன் தியாகுவை போனில் பிடித்தார்.

"அண்ணே, அப்பா நிலம் எடுத்தப்ப அங்க யாராவது இருந்தாங்களா?"

"என்னடா திடீர்னு? மலைவாசி குறும்பருங்க இருந்தாங்க, ஏழு குடிசை. காலி பண்ணிட்டுத்தான வேலி போட்டோம். சங்கிலி பிடிச்சு அளந்தப்ப ஒரு முனை உன் கையிலதான இருந்துச்சு! அத விடு, பட்டா பக்காவா இருக்கு. லீவுக்கு எப்ப வர்ற?"

ரகுநாதனுக்குச் சங்கிலி ஞாபகம் இருந்தது. ஒன்பது வயதில் அதைப் பிடித்த பெருமையும் இருந்தது. குடிசைகளைத்தான் இத்தனை வருஷமும் நினைக்கவே இல்லை. போனை வைத்த பிறகு மனைவி கனகா கொண்டுவந்த காபியைத் தொடவில்லை.

மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். இருந்தும் புத்தகத்தை மூடிவைத்து நின்றார்.

"நேத்து நான் சொன்னது பொய். அங்க ஏழு குடும்பம் இருந்துது. எங்கப்பா துரத்தினார். நானும் கூட இருந்தேன்."

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஷ்ருதி நிமிர்ந்தாள். "அவங்க பேரு சார்?"

"குறும்பர்."

"அது இல்ல சார். அந்த வீடுகள்ல இருந்தவங்க பேரு."

ஒரு பெயரும் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வாயெடுத்தார். அண்ணனைத் தவிரக் கேட்பதற்கு ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேனாவோடு காத்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொண்டார்.