ஹால்வரின் ஆட்காட்டி விரல்

எங்கள் பக்கம் வேட்டைத் தோட்டாவை அவரவர் வீட்டிலேயே நிரப்பிக்கொள்வார்கள். அதில் ஒரு விதி உண்டு. அடுத்தவன் வீட்டில் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது. அண்ணன் தம்பியானாலும் சரி, பாதிரியாரே ஆனாலும் சரி. வெடிமருந்து ஒரு சிட்டிகை கூடினால் போவது நிரப்பினவன் கண் அல்ல, நம் கண். ஒருவர் செத்துப்போனால் அவர் நிரப்பி வைத்ததைப் பிரித்துப் போடுவோமே தவிர, யாரும் எடுத்துப் போக மாட்டோம்.

இந்த விதியை நாற்பத்தாறு வருடம் மீறியவள் ஆர்டிஸ். அவள் துப்பாக்கிக்குள் போனதெல்லாம் அவள் கணவன் ஹால்வர் நெஸ் நிரப்பியது. ஹால்வர் என்னோடு பள்ளியில் படித்தவன். எழுபத்து மூன்று வயதானாலும் எனக்கு அவன் 'அவன்'தான்.

பிறவியிலேயே அவனுக்கு வலது கண் மங்கல். மொன்டானாவில் பிறந்துவிட்டு மான் சுடத் தெரியாமல் இருப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஆர்டிஸோ இருநூறு கஜத்தில் நிற்கிற மானை ஒரே குண்டில் சாய்ப்பாள். அதனால் அவன் வீட்டில் நிரப்புவான், அவள் காட்டில் சுடுவாள். "பெண்டாட்டி கையில துப்பாக்கி, புருஷன் கையில புனல்" என்று ஊரே கேலி செய்யும். அவன் சிரித்துக்கொள்வான். தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் லாரிகளை எடை போட்டவன். வரிசையில் எத்தனை பேர் கத்தினாலும் இரண்டாம் முறை எடை பார்க்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை.

தோட்டாவிலும் அதே குணம். பித்தளைக் கூட்டின் அடியில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு கிண்ணம் இருக்கிறதே, பிரைமர், துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால்தான் உள்ளே இருக்கிற மருந்து பற்றும். அது தன் குழிக்குள் ஒரு மயிரளவு தாழ்ந்து உட்கார வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால், ஊசி அடிக்கிற வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், மான் ஓடிவிடும். சில நேரம் துப்பாக்கியை மூடும்போதே வெடித்துத் தொலைக்கவும் கூடும். ஹால்வர் ஒவ்வொரு கூட்டின் அடியையும் ஆட்காட்டி விரலால் தடவிப் பார்ப்பான். அளக்கிற கருவி வாங்கிக் கொள்ளேன் என்றால், "இந்த விரலைவிடவா?" என்பான். உண்மையில் அந்த விரலுக்கு ஈடு கிடையாது.

பிறகு சர்க்கரை வியாதி வந்தது. முதலில் பாதம் மரத்தது. ஒருநாள் அடுப்பில் இருந்த காபிப் பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கி நிதானமாக ஊற்றினானாம். விரல் வெந்து தோல் சுருண்டிருந்ததை ஆர்டிஸ்தான் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. பார்த்தபிறகும், "சும்மா சூடு" என்றானாம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆர்டிஸ் ஒரு பிஸ்கட் டப்பாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் எனக்கு நானே நிரப்பிக்கொள்கிறவள்.

"வெர்னா, இதையெல்லாம் கொஞ்சம் தடவிப் பாரேன்."

இருபதில் ஐந்து துருத்திக்கொண்டிருந்தன.

"டாக்டர்கிட்ட போக வேண்டியதை என்கிட்ட ஏன்டி தூக்கிட்டு வர்ற?"

"டாக்டருக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு, வெர்னா. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரு."

குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, பிரைமரைச் சரியாக உட்கார வைத்து, அதே மருந்தை மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த வருடமும் வந்தாள். அதற்கு அடுத்த வருடமும். நாலு வருடம் நாங்கள் இரண்டு பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். ஹால்வர் கடைவீதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆர்டிஸுக்கு ஒண்ணுகூட வெடிக்காமப் பொய்ச்சதில்ல" என்று சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஐந்தாவது வருடம் அவள் வரவில்லை. கணையத்தில் புற்று என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நானே போன் செய்தேன்.

"டப்பா எங்கடி?"

"இந்தத் தடவை வேண்டாம். எனக்கு இதுதான் கடைசி வேட்டை. அவரு பண்ணினதை, பண்ணின மாதிரியே சுட்டுட்டுப் போறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா" என்று போனை வைத்துவிட்டாள். நேரில் போய் அந்த டப்பாவைப் பிடுங்கி வந்திருக்க வேண்டும். போகவில்லை. அவள் மார்ச்சில் இறந்தாள். அந்தக் கடைசி வேட்டையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹால்வர் வந்தான். சமையலறை மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்தான்.

"வெர்னா, என் தோட்டாவுல ஏதோ கோளாறு. கல் குவாரியில வெச்சு இருபது சுட்டுப் பாத்தேன். ஆறு பொய்ச்சுடுச்சு."

"நீ எதுக்குச் சுட்ட?"

அவன் பெட்டியைத் திறந்தான். "பிரைமர் குழியில கரி அடைஞ்சிருக்கும்னு ஒவ்வொண்ணா சுரண்டினேன். ராணுவத்துல சுட்டுப் போட்ட கூட்டுல குழியோட விளிம்பை நசுக்கி வெச்சிருப்பான்ல, அதையெல்லாம் தூக்கிப் போட்டேன். பிரைமரையே வேற பொட்டி மாத்தினேன். நிரப்புற எந்திரத்துல கூட்டைப் பிடிக்கிற வளையம் புதுசு. துப்பாக்கியைக் கொண்டுபோய் ஊசிக்கு ஸ்பிரிங்கும் மாத்தியாச்சு. இன்னும் என்ன பாக்கி?"

எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். கை ஒன்றுதான் பாக்கி.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் தடவினான். "பாரு, வழவழன்னு உக்காந்திருக்கு." ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பிரைமர் துருத்திக்கொண்டிருப்பது எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

சத்தியமாக எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இப்படியே விட்டால் இன்னொரு நாள் குவாரியில் ஒன்று முகத்தில் வெடிக்கும். சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாத நாக்கு எனக்கு. டப்பா, ஐந்து, நாலு வருடம், எல்லாம் சொன்னேன். அவன் தன் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ நான் நிரப்பினதை அவ சுடவே இல்ல."

"பெட்டிக்கு நாலோ அஞ்சோதான் மாத்தினேன், ஹால்வர். மருந்து உன்னது. குண்டு உன்னது."

"உன் கை பட்டுதுல்ல."

எங்கள் ஊர் விதிப்படி அவன் சொன்னது சரி. நான் காபி போடுகிற சாக்கில் எழுந்தேன். திரும்பியபோது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேஜையில் நிறுத்தியிருந்தான்.

"அப்போ இது என்ன?"

பிரைமரின் நடுவில் ஊசி மேலோட்டமாகக் குத்திய தடம். வெடிக்காத தோட்டா.

"தேவாலயத்துல பழைய துணி கேட்டாங்க. அவ வேட்டைக்குப் போடுற ஆரஞ்சு அங்கிப் பையில இருந்துச்சு. இதைப் பாத்தப்புறம்தான் குவாரிக்கே போனேன். உன் கை பட்டிருந்தா இது ஏன் பொய்ச்சுது?"

"போன வருஷம் அவ என்கிட்ட கொண்டு வரல." அவள் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவன் தோட்டாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். "நான் வண்டியில ஹீட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். சத்தமே கேக்கல. வந்து ஏறினா. துப்பாக்கியைப் பின்னாடி வெச்சா. மான் வரவே இல்லன்னு சொன்னா. காத்து நம்ம பக்கத்துலேந்து அடிச்சுது, மோப்பம் பிடிச்சுடுச்சுன்னு. அவளே ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குக் காபி ஊத்திக் குடுத்தா."

மான் வந்திருக்கிறது. அவள் வாழ்க்கையின் கடைசி மான். நேர் எதிரே நின்றிருக்கும். ஊசி இறங்கிக் 'க்ளிக்' என்றிருக்கும். அதைப் பையில் போட்டுக்கொண்டு, நடந்து வந்து, சிரித்த முகமாகப் பொய் சொல்லியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு வரவில்லை.

"குடு, பிரிச்சுப் போட்டுடறேன்" என்றேன்.

"தொடாதே."

தோட்டாவை எடுத்து அடிப்பக்கத்தில் ஆட்காட்டி விரலை வைத்துத் தடவினான். திரும்பத் திரும்பத் தடவினான்.

"குத்தின தடம் கண்ணுக்குத் தெரியுது, வெர்னா. விரலுக்குத் தெரியல. கொஞ்சம் பிடிச்சு அதுமேல வை."

அவன் விரலைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. ஆர்டிஸின் துப்பாக்கி ஊசி குத்திய இடத்தில் சரியாக வைத்து அழுத்தினேன்.

"இப்போ?"

"இல்ல" என்றான். "இன்னும் கொஞ்சம் அழுத்து."