அது பஞ்சர் இல்லை

சென்ற செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து வெளியே வந்து பார்த்தால், என் சைக்கிளின் பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. காலையில்தான் காற்றடித்திருந்தேன். வரும்போது கல் மாதிரி இருந்தது.

அறுபத்தெட்டு வயதிலும் நான் சைக்கிளை விடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆரோக்கியத்துக்காக என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது.

பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் பம்பை வைத்து நாலு அடி அடித்தார். குனிந்து காது கொடுத்துக் கேட்டார். டியூபை வெளியே எடுக்கவே இல்லை. வால்வைத் திருகி, உள்ளே இருக்கும் பின்னை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பஞ்சரே இல்லீங்க சார். எவனோ ஒரு புண்ணியவான் வால்டியூப உருவீட்டு, பின்னை மட்டும் பழையபடி சொருகி வெச்சிருக்கானுங்க. வெளிய பாத்தா ஒண்ணுந் தெரியாது. வெவரமான கையுங்க!”

“அப்படியா…”

“ஏனுங் சார், உங்களுக்கு ஆகாதவீக யாராச்சும் இருக்காங்களா?”

அந்த ‘வெவரமான கை’ எனக்குப் பழக்கமான கை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே வித்தையை ஒரு வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கணபதிப் பகுதியிலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறாராம். ‘மாதம் மூன்று பஞ்சர், மூன்று முறை மேனேஜரிடம் திட்டு. என்ன செய்யலாம்?’ என்று எழுதியிருந்தார்.

அம்மணி, திங்கட்கிழமை தோறும் காற்றடித்துவிடுங்கள். காற்றுக் குறைந்த டயரில்தான் முள் சுலபமாக ஏறும். வேலி ஓரமாக ஓட்டாதீர்கள் — சீமைக்கருவேல் முள் அங்கேதான் காத்திருக்கிறது. பஞ்சர் ஒட்டியபிறகு டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளே ஒடிந்த முள் இருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். எவ்வளவு அவசரமானாலும் காற்றில்லாத சைக்கிளில் ஏறி உட்காராதீர்கள். ஒரு ஓட்டை பத்து ஓட்டையாகும்.

அப்புறம், வால்டியூப். பின்மேல் மாட்டுகிற ஓரங்குல ரப்பர் குழாய். உள்ளே போன காற்று திரும்பி வராமல் நிறுத்துவது அதுதான். அது இல்லையென்றால் நீங்கள் நாள் முழுக்கப் பம்பு அடித்தாலும் சக்கரம் எழும்பாது. பார்ப்பவர்கள் பஞ்சர் என்றே நினைப்பார்கள்.

நினைப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒரு நூல் கம்பெனியின் ஆபீசில் நான் நிர்வாக அதிகாரி. முப்பது பேர், ஏறக்குறைய முப்பது சைக்கிள். பின்பக்கம் ஷெட் போட்டிருந்தோம். ஆனால் யார் அங்கே போவார்கள்? முன்வாசல் சுவரில் சாத்திவிட்டு ஓடிவருவார்கள். முதலாளியின் கார் நிற்கிற இடம் அது. நோட்டீஸ் ஒட்டினேன். நோட்டீசின் மேலேயே ஹேண்டில் பாரைச் சாய்த்து வைத்தார்கள்.

வாட்ச்மேன் ரங்கனை விட்டுக் காற்றைப் பிடுங்கச் சொன்னேன். ஆளுக்கொரு பம்பு கொண்டுவந்து சாயங்காலம் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதுதான் என் எம்.ஏ. படித்த மூளை வேலை செய்தது. வால்டியூபை மட்டும் உருவு, பின்னைத் திரும்பச் சொருகு, ரப்பரை என் மேஜையில் கொண்டுவந்து வை. தேவைப்பட்டவர் என்னிடம் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

வந்தார்கள். தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். நான் டிராயரைத் திறந்து, ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, ஒரு நிமிடம் உபதேசம் செய்துவிட்டுக் கொடுப்பேன். “சார் வீபூதி குடுக்கறாரு, போயி வாங்கிக்கோ” என்று வெளியே கேலி பேசுவார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் — ஒளிக்காமல் சொல்கிறேன்.

இந்த வழக்கம் சூடுபிடித்த வாரம்தான் துடியலூர் கிடங்கிலிருந்து மாற்றலாகி ஒருவர் வந்திருந்தார். டெஸ்பாட்ச் கிளார்க். அவரை இங்கே அந்தோணி என்று வைத்துக்கொள்வோம். காரமடைப் பக்கம் தோட்டக் கூலி வேலை செய்த குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர். மெதுவாகப் பேசுவார். ஒன்றுக்கு மூன்று ‘ங்க’ போடுவார். எங்கள் ஆபீசின் வீபூதி வழக்கம் அவருக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு என் அறைக்கு வந்தார்.

“சார், பெரியாஸ்பத்திரில இருந்து அக்கா போன் பண்ணுச்சுங்க. அப்பனுக்கு ரொம்ப முடியலீங்களாம். என்னையக் கேட்டுட்டே இருக்காருங்களாம். போயிட்டு வாரனுங்க.”

“உடனே போங்க. ஒண்ணும் ஆகாது” என்றேன். பெர்மிஷன் சீட்டில் கையெழுத்தும் போட்டேன். அதுவரை நான் நல்லவன்தான்.

இரண்டு நிமிடம் கழித்துத் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே அந்தோணி முன்சக்கரத்துக்குப் பம்பு அடித்துக்கொண்டிருந்தார். முன்வாசல் சுவர் ஓரம். மளமளவென்று அடிப்பார், சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பார், மறுபடியும் அடிப்பார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

என் மேஜையைப் பார்த்தேன். காலையில் ரங்கன் கொண்டுவந்து வைத்த ஒரே ஒரு ரப்பர்.

மாடியிலிருந்து கீழே இறங்க எத்தனை படி? பதினெட்டு. எண்ணியிருக்கிறேன் — பிறகு.

ஏன் இறங்கவில்லை? முதலாளி வாசலில் நின்று யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். தகப்பன் சாகக் கிடக்கிற ஒரு மனிதனின் சைக்கிளில் ரப்பரைப் பிடுங்கி வைத்தவன் நான் என்று, அவர் முன்னால், எல்லோர் முன்னால், கையை நீட்டிக் காட்டவேண்டும். கூச்சமாக இருந்தது. கூச்சம் — அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ரங்கன் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். ரங்கன் போஸ்டாபீசுக்குப் போயிருந்தான்… அனுப்பியதும் நான்தான்.

கீழே லோடு ஏற்ற வந்த டிரைவர் யாரோ கேட்பது காதில் விழுந்தது. “என்னாச்சுங்க அந்தோணி?”

“பஞ்சராட்ட இருக்குதுங்க. மூலைக்கடைல ஒட்டிட்டு ஒரே மிதியா போயிர்றனுங்க.”

நான் மணியை அடித்தேன். ஆள் வருவதற்குள் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார். வந்தவரிடம் “ஒரு டீ சொல்லுங்க” என்றேன்.

ஆமாம். டீ சொன்னேன்.

அன்று அமாவாசை. மூலைக்கடை பூட்டியிருந்தது. ரேஸ்கோர்ஸ் வழியாகத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார். அந்தப் பங்களாத் தெருவில் பஞ்சர் கடைக்கு எங்கே போவது? மிதித்தால் கால் மணி நேரத்தில் போகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. இருபது நிமிடத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

ஏன் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போகவில்லை? ஆட்டோ பிடிக்கவில்லை? இந்தக் கேள்விகளை நானும் வெகுநாள் கேட்டு, அதில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். ஆனால் சைக்கிளில் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். பஞ்சரான சைக்கிளைத் தள்ளுகிறவனுக்கு, அடுத்த திருப்பத்தில் ஒரு கடை இருக்கும் என்றே தோன்றும். கடைசி வரை தோன்றும்.

எட்டாம் நாள் அந்தோணி வேலைக்கு வந்தார். சட்டைப் பையில் சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தார். நேராக என் அறைக்கு வந்தார். எல்லாம் தெரிந்துதான் வருகிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

“உக்காருங்க சார். லீவு கூடப் போயிருச்சுங்க… அதைச் சொல்லத்தான் வந்தனுங்க.”

“பரவாயில்லை.”

“அது பஞ்சரே இல்லீங்களாம் சார். அப்பறமேட்டுக் கடைக்காரர் கழட்டிப் பாத்துச் சொன்னாருங்க. வால்டியூப் இத்துப்போயி உழுந்திருக்குமாட்டங்க. காலைல கெளம்பறப்பவே பாத்திருக்கோணுமுங்க. என்ற தப்புதானுங்க.”

இப்போது சொல்லியிருக்கலாம். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. முதலாளி ஊரிலேயே இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இனிமே ஒரு ஸ்பேர் ரப்பர் எப்பவும் பையில வெச்சுக்குங்க அந்தோணி.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிந்தேன். வித்தையை நிறுத்தும்படி ரங்கனிடம் சொன்னேன். மற்றவர்களும், செத்த வீட்டுக்காரரிடம் இந்தப் பேச்சு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்கள். யாராவது பிறகு சொல்லியிருப்பார்கள், அவருக்குத் தெரிந்திருக்கும், மன்னித்திருப்பார் என்று நான் என் வசதிக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அதே வசதியோடு ரிட்டயரும் ஆனேன்.

போன வருடம் ஈரோட்டில் பழைய ஆபீஸ்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அந்தோணி. தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் பக்கத்தில் இருந்தவர் சைக்கிள் பஞ்சராகி முகூர்த்தத்துக்குப் பிந்தி வந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தோணி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாலைந்து ரப்பர் துண்டுகள்.

“இதுல ரெண்டு வெச்சுக்குங்க. எப்பவும் பையிலயே கெடக்கட்டும்.”

“ஏனுங்க, கல்யாண ஊட்டுல வந்து ரப்பர் யாவாரமா?”

“சிரிக்காதீங்க. நான் ஒருக்கா பாக்காம உட்டுப்போட்டு, எங்கப்பன் உசுரோட மூஞ்சியப் பாக்க முடியாமப் போயிருச்சுங்க. எம்பட அக்கா இன்னும் என்ற கூடச் சரியாப் பேசறதில்ல. ‘சைக்கிளப் பாத்து எடுத்துட்டு வரத் தெரியாதவன்’னு சொல்லும். அது சொல்றதும் நாயந்தானுங்க.”

எதிரே நான் இருந்தேன். என்னைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா சார்? உங்க பத்திய வாராவாரம் படிச்சுப்போடுவனுங்க” என்றார். இலையில் பாயசம் ஊற்றினார்கள். குடித்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்தக் கடைக்காரர் புது வால்டியூப் மாட்டிக் காற்றடித்துக் கொடுத்தபோது, என்னுடைய தாமதம் வெறும் அரைமணி நேரம். எனக்காக எங்கேயும் யாரும் காத்திருக்கவில்லை. வீட்டில் சாப்பாடு ஆறியிருந்தது, அவ்வளவுதான். இருந்தும், தள்ளிக்கொண்டு வந்த அந்தத் தூரத்தில் என் மனசு முழுக்க ஒரே கேள்வி: ‘எதைக் கவனிக்காமல் விட்டேன்?’ வேறு யாரோ செய்தது என்று ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. நல்ல மனிதர்களுக்கு முதலில் தங்கள்மேல்தான் சந்தேகம் வருமாம். எனக்கே அப்படி வந்ததென்றால் அந்தோணிக்கு எப்படி இருந்திருக்கும்?

நேரில் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். பதினெட்டுப் படி இறங்காதவன் தெருமுனையைத் தாண்டுவானா? அதனால்தான், அவர் வாராவாரம் படிக்கிற இந்த இடத்தில் எழுதுகிறேன். பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன். படித்தால் அவருக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் அக்காவிடம் கொடுங்கள், அந்தோணி. உங்கள் ரப்பர் இத்துப்போய் விழவில்லை — என் மேஜைமேல் இருந்தது.