டிசைன் அறைக்கு ஆள் தேடினேன்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது தீபாவளிச் சேலைகளுக்கு ஒரு டிசைன்கூட முடிவாகியிருக்கவில்லை. அல்லிநகரத்தில் எங்கள் கம்பெனியின் விசைத்தறிகள் எல்லாம் அவர் கற்பனையை நம்பித்தான் ஓடின. இப்போது வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. டிசைன் அறையிலிருந்த மூவரும் அவர் சொல்லச் சொல்ல வரைந்து பழகியவர்கள். சொல்ல ஆளில்லாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள். மதுரைக் கடைக்காரர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்கோ சேலை கட்டத்தான் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் வரைந்த முந்தானைகளைப் பார்த்ததும் பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன். சில நாள் வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் போட்டதையெல்லாம் அழித்துவிட்டு அவரே போட்டார்.

மூவரில் மூத்தவர் என்னிடம் வந்தார். "நாங்க எதுக்கும்மா இங்கன? அவுக ஒருத்தரே எல்லாத்தையும் போடுறாக."

ஒரு ஆள் எத்தனை தறிக்குத்தான் படம் போட முடியும்? அவரை அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் அழகாகப் பேசினார். பேச்சைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அவரையும் அனுப்பிய அன்று நின்றுபோன தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். பூத்தையல் கூடம் ஒன்றை நடத்தியவர். அவர் வரைந்தவை சுமார்தான். திருப்பி அனுப்ப வாயெடுத்தேன், ஆனால் வேறு ஆளில்லை. உள்ளே அழைத்துப் போனேன்.

அவர் மூவரிடமும் கேட்டார்: "இந்தச் சேலைய யாரு கட்டப்போறாக?"

மூவரில் ஒருவர், "எங்க அக்கா. ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகுது," என்றார்.

"அதுக்குப் பிடிக்கிற மாதிரி போடுங்க, பாப்போம்."

மத்தியானத்துக்குள் மேசை நிறைந்துவிட்டது. அவர் வேண்டாமென்று ஒதுக்கிய படத்தைப் போட்டவர் முகம் சுளிக்காமல் இன்னொன்று போட்டுக்கொண்டு வந்தார். இவர்தான் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். வெகுநேரம் உதட்டை அசைத்து, "என்... நாற்காலி," என்றார்.

"தெரியுது. எனக்கு வேற வழி தெரியலயே."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்தேன்.

அந்தத் தீபாவளி வியாபாரத்தில் பாதி போய்விட்டது. பொங்கலுக்குள் எல்லாத் தறிகளும் ஓடின. மாதிரிச் சேலைகளைக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைப்பேன். இடக்கையால் தள்ளிவிடுவார். டிசைன் அறைக்கு அவர் கடைசிவரை வரவில்லை.