பூசை அறைச் சுவரில் பாடியவர்

திருச்செங்கோட்டில் புது வீடு கட்டியபோது, மாடியில் படம் பார்ப்பதற்கென்றே என் மகன் ஓர் அறை வைத்தான். அவனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டித் தொழில். ஆண்டின் பெரும்பகுதியை வடமாநிலங்களில் இரைச்சலுக்கு நடுவே கழிப்பவன், வீடு வரும் சில நாட்களில் வெளிச்சத்தம் எட்டாத இருட்டில் அமர்ந்து படம் பார்க்க விரும்பினான். அதில் நான் குறை காண ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர்கள் சுவருக்குள்ளேயே பதியும் வகை. பூச்சுக்கு முன்பே ஒயர்மேன் வந்து, செங்கல்லில் காடி வெட்டி, பைப் பதித்து, ஒயர்களை இழுத்தார். மேற்பார்வைக்கென்று எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு நாள் அவர் மாடி வேலையை நிறுத்திவிட்டு, கீழே பூசை அறைச் சுவரை வெட்டத் தொடங்கினார்.

“இது சாமி ரூமுங்க,” என்றேன்.

“தெரியுமுங்கய்யா. உங்களுக்குன்னுதான் இந்த ரெண்டு ஸ்பீக்கரு. சின்னவரு போன்ல சொல்லிட்டாருங்க. விடிஞ்சா தானாப் பாடும். நீங்க தொண்டையப் புண்ணாக்கிக்க வேண்டியதில்லீங்க.”

“என்ற தொண்டை நல்லாத்தானுங்க இருக்குது.”

“அட, அவரு ஆசையாப் பண்றாருங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க. பூசி மூடுனதுக்கப்புறம் என்னையக் கூப்புடாதீங்க.”

அன்று மாலை மகன் அழைத்தான். பின்னணியில் வண்டி உறுமிக்கொண்டிருக்க, அதற்கு மேல் குரலை உயர்த்தி, “உங்களுக்குப் புடிச்ச பதிகமெல்லாம் தேடி எடுத்துட்டனுங்கப்பா!” என்றான். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. “நல்லது சாமி,” என்றேன். சுவரைப் பூசிவிட்டார்கள்.

இளமையில் ஓர் ஓதுவாரிடம் கற்ற பதிகங்களை, விடியலில் விளக்கேற்றி ஓதுவது என் வழக்கம். என் குரல் இனிமையானதன்று. ஆயினும் இறைவன் திருப்பெயர் வரும் இடத்தில் சற்றே நின்று, அடுத்த சொல்லை அவனிடமே கேட்டு வாங்குவதுபோல் மெல்லத் தொடங்கும் ஒரு நடை எனக்கு வாய்த்திருந்தது. மலர், பழம், எண்ணெய் யாவும் மகன் சம்பாத்தியத்தில் வந்தவை. என்னுடையது என்று இறைவன் முன் நான் வைக்கக்கூடியது அந்த நடை ஒன்றுதான்.

குடிபுகுந்த பின் முதல் விடியலில், நான் வாய் திறக்குமுன் சுவர் பாடியது. தேர்ந்த பாடகர், பழுதில்லாத குரல். நான் நிற்கும் இடத்தில் அவர் நிற்கவில்லை. நான் ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு அடி கடந்திருந்தார். சில நாள் அவரோடு ஓடிப் பார்த்தேன். பிறகு உதட்டை மட்டும் அசைத்தேன். பிறகு அதுவும் நின்றது.

அணைக்கலாம் என்று பார்த்தால், சுவரில் வெள்ளை வலைமூடி தவிரத் திருகவோ அழுத்தவோ ஒன்றுமில்லை. எல்லாம் மகனின் செல்போனுக்குள் இருந்தது. அவன் எந்த மாநிலத்தில் இருந்தாலும் என் பூசை அறை அவன் குறித்த வேளையில் பாடியது. மின்சாரம் போனாலும் இன்வெர்ட்டர் விடவில்லை.

“இப்பத்தானுங்க மாமா அடுப்படி வரைக்கும் கேக்குது,” என்றாள் மருமகள். “நீங்க பாடுறப்ப யாரோ சண்டைக்கு முணுமுணுக்கிற மாதிரியே இருக்கும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன். வந்தவர்களிடமெல்லாம் அந்த வலைமூடியைக் காட்டி, “மாமாவுக்குன்னே வச்சதுங்க,” என்பாள். நான் தலையாட்டுவேன். ஒவ்வொரு முறை தலையாட்டிய பின்பும், உண்மையைச் சொல்வது இன்னும் அரிதாயிற்று.

மின்விசிறி பழுதென்று ஒயர்மேன் வந்தபோது, அவரைத் தனியே அழைத்து, அந்த ஒயரை மட்டும் கழற்றிவிடச் சொன்னேன்.

“ஒரு வார்த்தை சின்னவருகிட்டக் கேட்டுக்கறனுங்க,” என்று அவர் செல்போனை எடுத்தார்.

“வேண்டாமுங்க, வேண்டாம். பாடட்டும்.”

கடைசியில், அந்தப் பாட்டு எட்டாத இடம் வீட்டில் ஒன்றுதான் என்று கண்டுகொண்டேன். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, மாடியேறி, படம் பார்க்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓதலானேன். பஞ்சடைத்த சுவர்கள், சன்னல் இல்லை, எதிரே வெறும் வெள்ளைத் திரை. வாயிலிருந்து புறப்பட்ட ஓசை காலடியிலேயே விழுந்தது. பாடல் என்னுடையதாகவே படவில்லை. சுவர்களின் குற்றம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு காலை, சொல்லாமல் ஊர் திரும்பிய மகன் அந்தக் கதவைத் திறந்தான்.

“ஏனுங்கப்பா, வெள்ளென எந்திரிச்சுப் படம் பாக்கறீங்களா?”

மறைக்க இடமில்லை. “கீழ ஒருத்தரு பாடிக்கிட்டே இருக்கறாரு சாமி. நான் எங்க போயிப் பாடறது?”

அவன் முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“இத்தன மாசமாவா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?”

“நீ ஆசையா வச்சது.”

அவன் செல்போனை எடுத்து ஏதோ தொட்டான். கீழே இறங்கினோம். பூசை அறை அமைதியாக இருந்தது. “பாடுங்கப்பா, நான் கேக்கறேன்,” என்று அவன் தரையில் அமர்ந்தான். குழந்தைப் பருவத்துக்குப் பின் அவன் அப்படி அமர்ந்து நான் கண்டதில்லை.

முதல் அடியை எடுத்தேன். திருப்பெயர் வந்தது, என் நா நிற்காமல் கடந்து போயிற்று. இரண்டாம் அடி முடிந்ததும், நிற்க வேண்டாத இடத்தில் நின்றது. ஏனென்று ஒரு கணம் விளங்கவில்லை. சுவரில் ஒலித்த பாட்டில், பாடகர் ஓய்ந்து வயலின் மட்டும் ஒலிக்கும் இடம் அது. அது முடியட்டும் என்று நான் காத்திருந்தேன்.

“அப்பா!” என்றான் மகன், கண்கள் மின்ன. “அச்சு அசல் அந்தப் பாடகரு மாதிரியே பாடறீங்களே!”

இப்போது அந்தச் சுவர் பாடுவதில்லை. விடியலில் நானே ஓதுகிறேன். மருமகள் அடுப்படியிலிருந்து, இப்போது நன்றாகக் கேட்கிறது என்கிறாள். திருப்பெயருக்கு முன்பே மூச்சை அடக்கி, நாவை நிறுத்திப் பார்க்கிறேன். அது நிற்பதில்லை.