ராத்தாவின் சொந்தக் குரல்

கல்முனையில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், யூடியூப் குறுநாடகம் செய்பவர்கள், விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர்கள் பற்றிய ஆய்வொன்றில் நான் உதவியாளராக இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர்தான் பொறுப்பு. ஊர்ப் பெண் என்பதால் பெண்களைப் பேட்டி காண்பது என் வேலையானது.

கல்முனைக்குடியில் ஒரு அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, குறுநாடகங்களுக்கு முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுப்பார். ஒரே நாடகத்தில் கிழவியாகவும் குமரியாகவும் மாறிவிடுவார். கத்தாரிலிருந்த கணவருக்கு இது தெரியும். கணவரின் குடும்பத்துக்குத் தெரியாது. பேட்டியை நான் பதிவு செய்யும்போது சொன்னார்:

“நாடகத்துல குரல மாத்தித்தான் கதைக்கன். உங்களோட கதைக்கிறது என்ட சொந்தக் குரல். இத ஆருக்கும் போட்டுக் காட்டப்படா, தங்கச்சி.”

“ஓம் ராத்தா” என்றேன். பேராசிரியரிடமும் தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார்.

ஆய்வின் முடிவுகளை ஊர் மண்டபத்திலேயே வெளியிட்டார்கள். பேச்சின் நடுவில் பேராசிரியர் மடிக்கணினியைத் தட்டினார். பதிவிலிருந்த ராத்தாவின் சிரிப்பு மண்டபமெங்கும் கேட்டது. கிழவிக் குரலை மாமியாரைப் பார்த்துத்தான் பழகினேன் என்று அவர் விளையாட்டாகச் சொன்ன இடம் அது. கூட்டம் சிரித்தது.

“சேர், நிப்பாட்டுங்க!” என்று எழுந்துவிட்டேன். கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். இரண்டாம் வரிசையில் ராத்தாவின் கணவருடைய தங்கை, ஒரு ஆசிரியை, சிரிக்காமல் இருந்தாள்.

சில நாளில் ராத்தா எனக்குப் போன் எடுத்தார். “மாமி எங்கட ஊட்டுக்கு வந்தா. ஒண்டும் ஏசல்ல. புள்ளயக் கொஞ்சிட்டு, என்ட மூஞ்சியப் பார்க்காமப் போயிட்டா. இனி இந்த வேல வேணாமாம், அவரும் சொல்லிட்டாரு.” வைப்பதற்கு முன் சொன்னார்: “நீங்களும் இனி எனக்குப் போன் எடுக்காதீங்க.”

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“கவலைதான். ஆனா இது நல்ல தரவு, மிஸ். பெண் கலைஞர்களுக்குச் சமூகம் போடுற தடை எண்டு ஒரு பகுதி சேர்க்கலாம்.”

“தடை போட்டது நீங்க, சேர்.”

உணர்ச்சிவசப்பட்டால் ஆய்வு செய்ய முடியாது என்றார். அன்றே விலகினேன். புத்தகம் வந்தது. அந்தப் பகுதியும் அதில் இருந்தது, எங்கள் ஊரைக் குறை சொல்லிக்கொண்டு.

போன நோன்புக்கு முன் பஸாரில் ராத்தாவைக் கண்டேன். துணி பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் விலை கேட்பதைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கினார்.