ஒரு சாண் தூக்கி நிறுத்து

காலை 8.10. மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். மேலூருக்குக் கிழக்கே ஒரு பாறைக்குன்றின் உச்சியில், கோடையிலும் வற்றாத சுனை இருக்கிறதாம். அதைப் பார்த்து வந்து உங்களுக்குச் சொல்லத்தான் கிளம்பினேன். சுனையை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் பெயர் செல்வகுமார். ஒத்தக்கடை தாண்டுவதற்குள் விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டார். ‘பேரிடர் ஆலோசகர்’ என்று போட்டிருந்தது. வெள்ளத்தில் இத்தனை பேர், தீயில் இத்தனை பேர், கிணற்றில் விழுந்த மாடு மட்டும் இருபது என்று காப்பாற்றிய கணக்கை அடுக்கினார். கதை கேட்பதென்றால் எனக்குச் சோறுகூட வேண்டாம். வாயைப் பிளந்து கேட்டேன். அத்தனை கதையிலும் ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லையே என்பது அப்போது உறைக்கவில்லை.

9.05. மேலூரில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது. செல்வகுமாரும் அதே பக்கம் போகிறவர். வயல்களுக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் போயிருப்போம், ரோட்டோரக் கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். ஆட்டோ நின்றுவிட்டது.

மேய்ந்துகொண்டிருந்த பசு ஓரத்துப் புல்லுக்கு எட்டி, உள்ளே விழுந்துவிட்டது. முப்பதடி ஆழத்தில், வயிறளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றது. தீயணைப்பு வண்டி வேறு இடத்துக்குப் போயிருப்பதால் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். மாட்டுக்காரி பாண்டியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் குடும்பம் ஓடுகிறது என்று ஆட்டோக்காரர் என் காதில் சொன்னார்.

செல்வகுமார் சட்டைக் கையை மடித்துவிட்டார். தான் யார் என்று சொல்லியே ஐந்து நிமிடம் ஆனது. வயிற்றில் ஒரு கயிறு, கொம்பில் ஒரு கயிறு, பதினைந்து பேர் ஒரே மூச்சாக இழுத்தால் முடிந்தது என்றார். ஜனம் நம்பியது. நானும் நம்பினேன். வடக்கயிறு வந்தது, இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

9.50. குவாரி கிரேன் ஒன்று வந்து ரோட்டிலேயே நின்றது. யாரோ தகவல் சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். இறங்கியவர் கருப்பையா. கூட்டத்தைப் பார்க்கவில்லை, கிணற்று ஓரத்து மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். அப்புறம்தான் பாண்டியம்மாவிடம் வந்தார்.

“செனையாக்கா?”

“ஆமாண்ணே. எட்டு மாசம்.”

கயிறு வைத்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டார்கள். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை. அதெல்லாம் மேலே வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் செல்வகுமார்.

“வயித்தை இறுக்குனா மேல வாரது மாடு மட்டுந்தான் சார்” என்றார் கருப்பையா. குரலை உயர்த்தவே இல்லை.

கிரானைட் கல்லின் ஓரம் பெயராமல் தூக்குவதற்கு அகலமான பெல்ட் உண்டு. அதில் இரண்டை எடுத்துக்கொண்டு அவரே படிக்கல்லில் இறங்கினார். ஒன்றை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சோடும், மற்றதைப் பின்னங்காலை ஒட்டியும் போட்டார். மாட்டின் கண்ணைத் துண்டால் கட்டினார். பாண்டியம்மா மட்டும் மேலிருந்து பேச வேண்டும், மற்ற எல்லோரும் வாயை மூட வேண்டும் என்று உத்தரவு. “லெச்சுமி, இங்கதான் இருக்கேன்த்தா” என்று அந்தம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

கருப்பையாவுடன் வந்த கூட்டாளி கிரேனை இயக்கினார். மாடு ஒரு சாண் எழும்பியதும் கருப்பையா கையை மடக்கினார். கிரேன் நின்றது. குவாரியில் எந்தக் கல்லையும் அப்படித்தானாம்: ஒரு சாண் தூக்கி நிறுத்து, பார், அப்புறம் தூக்கு. பார்த்தார். பின்பெல்ட் வயிற்றுப் பக்கம் நகர்ந்திருந்தது. இறக்கச் சொல்லி மறுபடி போட்டார். மறுபடி ஒரு சாண். மறுபடி நகர்ந்தது, மறுபடி இறக்கம்.

“பயப்படுறாப்ல” என்றார் செல்வகுமார்.

“வாயில வடை சுட்டா எண்ணெ சுடாதுல்ல” என்றார் பாண்டியம்மா, கண்ணைக் கிணற்றிலிருந்து எடுக்காமலே. சிரிக்கக்கூடாத நேரம், கூட்டம் சிரித்துவிட்டது.

மூன்றாவது தடவை பெல்ட் நின்றது. மாடு மேலே வந்தது.

10.40. வைக்கோலால் தேய்த்துவிட்டார்கள். கால்மணி நேரம் கழித்து லெச்சுமி எழுந்து நின்றது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, கன்றுக்கு உயிர் இருக்கிறது, ஆனால் இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த கருப்பையாவிடம், இதுவரை எத்தனை மாடு தூக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ரெண்டுண்ணே. மொத மாடு செனை. கேக்காம வயித்துல கயித்தைப் போட்டுட்டேன். தாயும் போச்சு, கன்னும் போச்சு.”

“அப்ப இதோட மூணு.”

“கன்னு போடட்டும்ணே. அப்புறம் எண்ணிக்கிறேன்.”

மத்தியானம் 1.15. திரும்புகிற பஸ்ஸில் செல்வகுமார் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு வந்தார். கணக்கு இருபத்தொன்று ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கயிறு இழுக்கிற வரிசையில் நானும்தானே நின்றிருந்தேன்.

வண்டியூரில் எங்கள் தெருவிலும் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மழைத்தண்ணீர் புகுந்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இப்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: உங்களுக்கு எது தப்பாகப் போச்சு? பட்டவர் உடனே சொல்லிவிடுகிறார். மற்றவர் கார்டைத் தேடுகிறார்.

ஐந்து வாரம் கழித்துப் பாண்டியம்மா போன் செய்தார். கிடேரிக் கன்று, தாயும் சுகம். சீம்பால் வாங்கிப்போகக் கருப்பையா வந்திருந்தாராம். கன்றின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “மூணு” என்றாராம்.